இரையாத ஒரு கணனி வேண்டும்

வன்னியில் யுத்த காலத்தில் படம் பார்த்தவர்களுக்கு ஜெனரேற்றரின் சத்தம் மறந்திருக்காது. மின்கம்பிகள் இல்லாத அந்த ஆண்டுகளில் ஊருக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு டெக்கும் வாடகைக்கு வரும். ஜெனரேற்றரை வீட்டிலிருந்து எட்டத்தில், கோடிப்புறத்தில் வைப்பார்கள். சிலர் கிடங்கு வெட்டி அதற்குள் இறக்கி வைத்ததும் உண்டு. பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவிடுவதே வழக்கம். படத்தின் வசனம் பாதி, மோட்டாரின் இரைச்சல் பாதி என்றுதான் காதில் விழும். யாழ்ப்பாணத்தில் 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் இதை வாசிப்பவர்களுள் இருப்பீர்கள். அதில் சத்தம் குறைவு, கால்நோதான் அதிகம்.

இன்று கம்பி வந்துவிட்டது. ஆனால் சத்தமும் மின்சாரச் செலவும் வேறு வடிவத்தில் வீட்டுக்குள்ளேயே வந்து குந்தியிருப்பதைக் கடந்த ஆண்டு ஒரு வீட்டில் கண்டேன். அந்த வீட்டுக்கு ஒரு கணனியைப் பகுதி பகுதியாகத் தெரிவுசெய்த கதையைத்தான் இங்கு எழுதுகிறேன். கணனி என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தையல் இயந்திரத்துக்கு மோட்டார் வாங்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் சமூக சேவையாளராகப் பணியாற்றுகிறேன். எமது சங்கத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், தையல் வேலையில் குடும்பத்தைக் கொண்டுநடத்துகிறார். அவரது முன்விறாந்தையில் 32 அங்குலத் தொலைக்காட்சி இருக்கிறது. பின்னேரங்களில் அயலிலுள்ள நான்கைந்து வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அங்குதான் கூடுவார்கள். அந்தத் தொலைக்காட்சியுடன் ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த கணனி பொருத்தப்பட்டிருந்தது. பழைய படங்கள், பேரப்பிள்ளைகளின் பாட வீடியோக்கள், குடும்பத்துச் சடங்குப் படங்கள் எல்லாம் அதற்குள். இணைய வசதியுள்ள தொலைக்காட்சி ஒன்று போதாதா என்று சிலர் கேட்கலாம். போனில் டேற்றா இருக்கும் நாளில் மட்டும் படம் பார்ப்பதென்றால் போதும். பழைய வீடியோக் கோப்புகள் பலவற்றை அத்தொலைக்காட்சிகள் திறப்பதில்லை. கசற்றிலுள்ள படங்களைப் பிரதியெடுத்துச் சேமித்து வைக்கவும் அவற்றால் முடியாது. அதனால் அக்காவுக்குக் கணனிதான் வேண்டும்.

ஆனால் அந்தக் கணனியை உயிர்ப்பித்தால் அரிசி ஆலை போல இரையும். அயலிலிருந்து வரும் வயதான அம்மா ஒருவர், படம் தொடங்கியதும் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டேன்.

"உது வண்டு மாதிரி இரையுது பிள்ளை. நான் வெளியிலை இருக்கிறன், நீங்கள் பாருங்கோ."

யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் ஆளில்லா வேவு விமானத்தை வன்னி மக்கள் வண்டு என்றுதான் சொன்னார்கள். அந்த இரைச்சல் தலைக்கு மேல் நின்றால் அடுத்து என்ன வரும் என்பதை இப்பக்கத்தின் வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கார அக்காவின் காரணம் வேறு. "மிஸ், ஆம்பிளை இல்லாத வீடு. படலைத் தட்டுச் சத்தம், நாய் குரைக்கிற சத்தம் கேக்கவேணும். உதைப் போட்டால் ஒண்டும் கேக்காது." 2011ஆம் ஆண்டு கிறீஸ் மனிதன் பீதி பரவிய நாட்களில் இரவிரவாக விழித்திருந்த பெண்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகவே புரியும்.

மூன்றாவது காரணம் மின் பட்டியல். அதற்குப் பிறகு வருகிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கணனிக்குள் போகும் மின்சாரம் அனேகமாக முழுவதும் இறுதியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 90 வோட் உள்ளே போனால் 90 வோட் வெப்பம். மூடிய பெட்டிக்குள் எரியும் ஒரு சிறு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் விசிறிகள். எனவே சத்தத்தைக் குறைப்பதும் மின்சாரத்தைக் குறைப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. உள்ளே விடாத ஒவ்வொரு வோட்டும் வெளியே ஊதித் தள்ளத் தேவையில்லாத ஒரு வோட். இந்த ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நாம் தடுமாற மாட்டோம்.

அந்தப் பழைய பெட்டியை மின்சாரம் துண்டித்துத் திறந்து பார்த்தபோது நான்கு விசிறிகள் இருந்தன. புரொசெசரின் மேல் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று, பின்பக்கம் ஒன்று, படத்துக்கான கார்ட்டின் மேல் தீப்பெட்டி அளவில் ஒன்று. கூடக் கத்தியது அந்தத் தீப்பெட்டி விசிறிதான். சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றவேண்டும். வேகம் கூடினால் சத்தம் பலமடங்கு ஏறும். ஒரே விசிறியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே எமது காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும். ஆகவே விசிறி கட்டாயம் வேண்டுமென்றால் 12 சென்ரிமீற்றர் அகலமான ஒன்றை மெதுவாக ஓடவிடுவதே நல்லது. விசிறியே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. எமது பகுதியில் அதற்கு மேலுமொரு காரணம் உண்டு. விசிறி காற்றை மட்டும் இழுப்பதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் செம்புழுதியையும் சேர்த்து இழுக்கும். அக்காவின் பெட்டிக்குள் இருந்த புழுதியைத் தட்டினால் ஒரு பூச்சட்டி நிரம்பும்.

இரண்டாவது சத்தக்காரன் ஹாட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. அதற்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும். சுற்றும் அதிர்வு தகரப் பெட்டிக்கு ஏறி, பெட்டி மேசைக்குக் கொடுத்து, மேசையே உறுமும். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகைச் சேமிப்பில் சுற்றுவது எதுவும் இல்லை. சத்தமும் இல்லை.

மின்மானியின் கண்சிமிட்டல்

கணனி எத்தனை வோட் எடுக்கிறது என்று அறிய ஒரு கருவி விற்கிறார்கள். வாங்கத் தேவையில்லை. இப்போதைய டிஜிற்றல் மின்மானிகளின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஓர் அலகுக்கு எத்தனை மின்னல் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அக்காவின் மானியில் அது 1600. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கணனியை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடம் எண்ணினோம். எண்ணியது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. 24 தடவை மின்னியது. ஒரு மணித்தியாலத்துக்கு 144. 144ஐ 1600ஆல் பிரித்தால் 0.09 அலகு, அதாவது 90 வோட். தொலைக்காட்சியை மட்டும் போட்டு எண்ணியபோது அது 40 வோட்டைக்கூடத் தொடவில்லை. படம் காட்டும் பெட்டியைவிடப் படத்தை வைத்திருக்கும் பெட்டி இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தது.

ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 13.5 அலகு. சிறு தொகை போலத் தெரியும். ஆனால் வீட்டுப் பாவனைக்கான கட்டண முறையில் கோடுகள் இருப்பதை மறக்கக்கூடாது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டியதும் முதலாவது அலகிலிருந்தே கூடிய வீதம் விழுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. கணனி இல்லாவிட்டால் அக்காவின் பாவனை 52 அலகளவில் நிற்கும். 13.5 சேர்ந்ததும் 65. அந்த ஒரு பெட்டி முழுப் பட்டியலையும் கோட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது. மின்கட்டணம் சராசரியாக 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏற்றப்பட்டதும், பின்னர் பல தடவை இறங்கியும் ஏறியும் வந்திருப்பதும் நீங்கள் அறிந்ததே. வீதம் எப்படி மாறினாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது இலாபம். புதிய கணனி 12 வோட்டுக்குள் ஓடினால் மாதத்துக்கு 1.8 அலகுதான். மொத்தம் 54ஐத் தாண்டாது.

இந்தக் கணக்கைப் பேத்தி ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தாள். அந்தத் தாளுடன்தான் கடைக்குப் போனோம்.

கடையில்

முதலில் போன கடையில், பேசிக்கொண்டிருந்தது அக்காவும் நானும். பதில் சொல்லப்பட்டதோ எங்களுடன் வந்த பதினான்கு வயதுப் பேரனுக்கு. சமூகவியல் பாடத்தில் பால்நிலை வகிபாகம் என்று மூன்று ஆண்டுகள் படித்ததை அந்தப் பத்து நிமிடத்தில் மறுபடி படித்தேன். நிறம் நிறமாக வெளிச்சம் அடிக்கும் பெட்டி ஒன்றைக் காட்டி, "இதெண்டால் எல்லாக் கேமும் ஓடும்" என்றார்கள். 500 வோட் பவர் சப்ளை. அக்கா கொப்பித் தாளை எடுத்து, "தம்பி, எனக்கு 12 வோட்டிலை ஓடுறது காட்டுங்கோ" என்றார். அப்போதுதான் கண்கள் பேரனிடமிருந்து அவர் பக்கம் திரும்பின. அங்கு வாங்கவில்லை.

படத்துக்கான கணனிக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதில் தெளிவு இருந்தால் பணம் மிஞ்சும். வீடியோக் கோப்பு என்பது மடித்து அமுக்கிய சேலை போன்றது. பார்க்கும்போது அதை விரிக்கவேண்டும். எச்.264, எச்.265, வி.பி.9, ஏ.வி.1 என்று மடிப்பு முறைகள் பல உண்டு. முதலாவது 2003இலும் கடைசியாகச் சொன்னது 2018இலும் வந்தவை. இவற்றை விரிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி புரொசெசருக்குள் இருந்தால் கொஞ்ச மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும். இல்லாவிட்டால் முழுப் புரொசெசரும் மூச்சுப் பிடித்து அந்த வேலையைச் செய்யும். சூடு ஏறும், விசிறி கத்தும், படமும் தத்தித் தத்தி ஓடும். அக்காவின் பழைய கணனிக்கு நேர்ந்தது இதுவே. அதன் காலத்தில் இப்போதைய மடிப்புகள் பல பிறந்திருக்கவில்லை. தனிக் கார்ட்டைக் கழற்றி விசிறியை மாற்றினால் அதைத் திருத்திவிடலாமா என்றும் பார்த்தோம். கழற்றினால் தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. வாயும் அதோடு போய்விடும். ஆகவே புதிதாகத்தான் தேடவேண்டியிருந்தது.

மூன்று வழிகள் எம்முன் இருந்தன.

ராஸ்பெரி பை என்னும் கையளவுப் பலகை மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. 2019இல் வந்த நான்காவது வகை வேலையில் 7 வோட்டளவுதான் எடுக்கும். தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே அதை இயக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் யூரியூப்பின் வி.பி.9, ஏ.வி.1 மடிப்புகளை விரிக்கும் பகுதி அதற்குள் இல்லை. 2023இல் வந்த ஐந்தாவது வகை வலுவானது என்றாலும் எச்.264ஐ விரிக்கும் தனிப் பகுதியை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவும் சேர்த்து மொத்தப் புரொசெசரின் தலையில் விழுகிறது. படம் மட்டும் பார்ப்பவருக்கு இது போதும். பிள்ளைகள் அதிலேயே எழுதவும் படிக்கவும் வேண்டுமென்றால் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது, அலுவலகங்கள் கழிக்கும் சிறு பெட்டிக் கணனிகள். லெனோவோ, டெல், எச்.பி. நிறுவனங்களின் புத்தக அளவுப் பெட்டிகள் பாவித்த நிலையில் கொழும்பில் நிறைய விற்கின்றன. விலை குறைவு. மடிக்கணனியைப் போல வெளியே ஓர் அடப்டர். சும்மா நிற்கும்போது 10 வோட்டளவு எடுக்கும். வாங்குவதென்றால் இன்டெல் ஏழாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்று கேட்டு வாங்குங்கள். ஆறாவதில் எச்.265 மடிப்பின் ஒரு பாதிக்குத்தான் வழி உண்டு. இதன் குறை, உள்ளே இருக்கும் ஒரேயொரு சிறு விசிறி. புதிதில் பூனை போலிருக்கும், புழுதி பிடித்தால் சீறத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூரிகையால் துடைக்கப் பொறுமையுள்ளவர்களுக்கு இது நல்ல தெரிவு. கையில் காசு குறைவாக இருப்போர்க்கு நான் இதையே சொல்வேன்.

அக்கா தெரிவு செய்தது மூன்றாவதை. 2023ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட என்100 என்னும் புரொசெசர். அதன் வெப்ப அளவு 6 வோட் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நான்கு மடிப்புகளையும் விரிக்கும் பகுதி உள்ளேயே உண்டு. சீட்டுக் காசு கைக்கு வந்த மாதம் அது. "ஒருக்கா வாங்கிறது, இரையாததா வாங்குவம்" என்றார்.

பகுதிகள்

என்100 புரொசெசர் பிரதான பலகையிலேயே ஒட்டி வருகிறது. பலகை 17 சென்ரிமீற்றர் சதுரம். மினி-ஐ.டி.எக்ஸ். என்னும் இந்த அளவை வியா என்ற நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. நாங்கள் எடுத்தது அஸ்றொக் நிறுவனத்தின் என்100டிசி-ஐ.டி.எக்ஸ். என்ற பலகை. அதில் எமக்குப் பிடித்தவை இரண்டு. புரொசெசரின் மேல் விசிறி இல்லை, அலுமினியத் தகட்டுக் கூட்டம் ஒன்றுதான் சூட்டை ஆற்றுகிறது. மற்றது, 19 வோல்ட் அடப்டரை நேரே பலகையில் செருகலாம். கணனிக்குள் இருக்கும் பெரிய பவர் சப்ளை பெட்டி தேவையே இல்லை.

இந்தப் பவர் சப்ளை விடயத்தில் பலர் காசை வீணாக்குகிறார்கள். 500 வோட் பெட்டி என்பது 500 வோட் கொடுக்கக்கூடியது. அதில் 12 வோட் மட்டும் எடுத்தால், பெரிய லொறியை ஒரு மூட்டை நெல் ஏற்ற ஓட்டியது போல. இழப்பே கூடும். 80 பிளஸ் என்ற தரச் சான்றுகூட அரைப் பளு, முழுப் பளு, ஐந்திலொரு பளு ஆகியவற்றைத்தான் பிரதானமாகப் பார்க்கிறது. எங்களைப் போன்ற சிறு பளுவுக்கு வெளியிலிருக்கும் சின்ன அடப்டரே பொருத்தம். பழுதான மடிக்கணனியின் அடப்டரும் பயன்படும். ஆனால் வோல்ட் அளவு, அம்பியர், ஊசியின் பருமன், நடுவில் நேர்முனையா என்ற நான்கையும் பலகையின் கைநூலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே செருக வேண்டும். மலிவு அடப்டர்கள் சில நுளம்பு போல மெல்லியதாகக் கீச்சிடும். கடையிலேயே செருகிக் காதருகே வைத்துக் கேளுங்கள். கடைச் சந்தடியில் கேட்காது என்றால் ஒரு கிழமைக்குள் மாற்றித் தரச் சம்மதம் வாங்குங்கள். இன்னுமொன்று: பழைய பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நினைவகம் 8 ஜி.பி. போதும். எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. எடுத்தோம். மூன்று மணித்தியாலக் கசற் ஒன்றை நல்ல தரத்தில் ஏற்றினால் 6 ஜி.பி. அளவில் வரும். நாற்பது கசற் என்றாலும் பாதிதான் நிரம்பும்.

பெட்டி வாங்கவில்லை. அந்தச் சிறு பலகையின் நான்கு துளைகளும் பழைய கோபுரப் பெட்டியின் துளைகளுடன் அப்படியே பொருந்துகின்றன. உள்ளேயிருந்த எல்லாவற்றையும் கழற்றி, தும்புத்தடியும் ஈரத்துணியுமாகத் துடைத்து, நடுவில் இந்தப் பலகையை மாட்டினோம். பெரிய வீட்டுக்குள் ஒற்றைக் கதிரை போட்டது போலிருந்தது. சூடான காற்று மேலே எழுந்து போகத் தாராளமாக இடம். சின்ன அழகான பெட்டி ஒன்று பார்ப்போமா என்று கேட்டேன். "வேண்டாம் மிஸ், பெரிசா இருக்கட்டும். பெரிய கொம்பியூட்டர் எண்டு ஆக்கள் நினைக்கட்டும்" என்று சிரித்தார். வெறுமையான பெரிய துளைகளுக்கு ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்ரிக் வலையை வெட்டி ஒட்டினோம். பல்லி உள்ளே புகுந்து பலகையில் படுத்து, தானும் கருகிப் பலகையையும் கருக்குவது இங்கு புதிதல்ல. வலையின் கண் மிகச் சிறிதாக இருந்தால் காற்றும் போகாது. பல்லி நுழையாத அளவு போதும்.

விசிறியில்லாத கணனியைப் பற்றி இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் எழுதுகிறவர்களுக்கு அறையின் வெப்பம் 20 பாகை. எமது தகரக் கூரையின் கீழ் ஏப்ரல் மத்தியானத்தில் 35க்கும் மேல். அதனால் வெயில் படும் சுவரோரம் வைக்கவேண்டாம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முக்கியமாக, கைவேலை செய்த விரிப்பைப் பெட்டியின் மேல் போடவேண்டாம். இதைச் சொன்னபோது அக்காவின் முகம் வாடியது. குரோசே பின்னல் விரிப்பு ஏற்கனவே தயாராக இருந்தது. அது இப்போது தொலைக்காட்சி மேசையில் கிடக்கிறது. பெட்டி அதன் மேல் நிற்கிறது. மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் படம் ஓடவிட்டுப் பார்த்தோம். புரொசெசரின் சூடு 70 பாகையைத் தாண்டவில்லை. அதற்கு விதித்திருக்கும் எல்லை 105.

மின்மானியை மறுபடி எண்ணியவள் அதே பேத்தி. பத்து நிமிடத்தில் மூன்று மின்னல்.

கசற்றுக்குள் இருந்த குரல்

மென்பொருளுக்குக் காசு கொடுக்கவில்லை. கோடி என்னும் இலவச மென்பொருள் படங்களை ஒழுங்காக அடுக்கிப் பெரிய எழுத்தில் திரையில் காட்டும். 2014 வரை அதற்கு எக்ஸ்.பி.எம்.சி. என்று பெயர். தமிழிலும் மெனுவை மாற்றலாம். இவ்வகைக் கணனிகளில் பெரும்பாலானவை தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குப் பணியமாட்டா. யு.எஸ்.பி. துண்டு ஒன்றுடன் வரும் சிறு ரிமோட் தனியாக வாங்கவேண்டும். கைத்தொலைபேசியாலும் இயக்கலாம்.

கசற்றுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இடப்பெயர்வுகளில் எங்களிடமிருந்த படங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் கல்யாணம், சாமத்தியச் சடங்கு என்றால் வெளிநாட்டு உறவினருக்கு ஒரு பிரதி அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்தப் பிரதிகள் கனடாவிலும் சுவிசிலும் யாரோ ஒரு மாமியின் அலுமாரியில் இன்னும் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். இலங்கையில் எடுத்த படம் பால் முறை, நொடிக்கு 25 காட்சி. கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை. அங்கு மாற்றி எடுத்த பிரதி என்றால் இரண்டு முறையும் ஓடும் டெக் தேவை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவேண்டாம், டெக்கின் தலையும் கெட்டு, அடுத்த கசற்றும் கெடும். முதலில் அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஏற்றி முடித்த பின் எஸ்.எஸ்.டி.யை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் இரண்டாவது பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். அது பிரதியெடுக்கும் போது மட்டும் சுற்றுவதால் சத்தம் ஒரு பொருட்டல்ல. கசற்றையும் எறிந்துவிடவேண்டாம்.

அக்காவின் மகளுடைய சாமத்தியச் சடங்கு 2004இல், சமாதான காலத்தில் நடந்தது. சுவிசிலிருந்து வந்த அந்தக் கசற்றைப் பழைய கணனியிலும் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புதிய கணனியில் போட்ட அன்று, ஆலத்தி எடுக்கும் இடத்தில் அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமலிருக்கச் சொன்னார். பின்னால் எடுத்து மறுபடி போடச் சொன்னார். கமெராவுக்கு வெளியே ஒரு பொடியனின் குரல், "அம்மா, இஞ்சை பாருங்கோ" என்கிறது. இரண்டு விநாடி. 2009இல் இல்லாமற்போன மகன். படத்தில் அவன் முகம் மூன்று இடங்களில் உண்டு என்பது அவருக்குத் தெரியும். குரல் இருப்பது அன்றுவரை தெரியாது. இரைச்சலில் அது அடிபட்டுப் போயிருந்தது.

அந்த வயதான அம்மா இப்போது விறாந்தையில்தான் இருக்கிறார். கணனி ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பெட்டியில் கையை வைத்துப் பார்ப்பார்.

அயலில் இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்குச் சிறு பெட்டிக் கணனி போதும். மற்றவர் வீட்டில் சூரியத் தகடும் 12 வோல்ட் பற்றரியும் இருப்பதால் அவருக்கு 19 வோல்ட் பலகை சரிவராது. 12 வோல்ட்டில் ஓடும் என்100 பெட்டிகள் உண்டு, அதையே எடுக்கவேண்டும். ஆனாலும் பற்றரியிலிருந்து நேரே செருகக்கூடாது. நன்றாக ஏறும் மத்தியானத்தில் பற்றரி 14 வோல்ட்டுக்கு மேல் போகும், இரவில் 12க்குக் கீழும் இறங்கும். இடையில் வோல்ட்டைச் சீராக்கும் சிறு மாற்றி ஒன்று வேண்டும். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய சிறு யூ.பி.எஸ். வீட்டில் சும்மா கிடந்தால், அது 12 வோல்ட்டில் 3 அம்பியர் தருமா என்று அதன் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். தருமென்றால் மின்வெட்டிலும் கணனி நிற்காது. மாற்றிக்குக் கொழும்பு போகும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறோம். கணக்குத் தாளைப் பேத்தி ஏற்கனவே எழுதிவிட்டாள்.